வடிகட்டி போதாது

மறுபடியும் வடிகட்டியையே நம்பச் சொல்கிறார்கள். வலைத்தள நெறிமுறையான எச்டிடிபி 1.1-க்கு விடைகொடுத்தே ஆக வேண்டும் என்று ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டில் 2025 ஆகஸ்டில் ஆதாரங்களை அடுக்கிக் காட்டினார். அதன் பிறகும், பயனரின் கோரிக்கையை முதலில் வாங்கும் முன்பக்க சர்வர்களை நடத்தும் பெரிய நிறுவனங்கள் பல, பின்பக்க சர்வருக்குப் போகும் இணைப்பில் அந்தப் பழைய நெறிமுறையையே வைத்திருக்கின்றன. சந்தேகத்துக்குரிய கோரிக்கைகளை மட்டும் கூடுதலாகச் சலிப்பார்கள். இந்த முடிவு தவறு.

நடப்பது என்ன? தாக்குபவர் அனுப்பும் ஒரே கோரிக்கையில் இரண்டு நீளக் கணக்கு வருகிறது. உள்ளடக்கம் 13 பைட் என்கிறது கன்டென்ட்-லெங்த் என்ற தலைப்பு வரி. துண்டு துண்டாக வரும், பூஜ்யம் வந்தால் முடிந்தது என்கிறது டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் என்ற இன்னொரு வரி. உள்ளே இருப்பதோ, வரி முடிவுக் குறிகளோடு சேர்த்து, ஒரு பூஜ்யம், ஒரு வெற்று வரி, பிறகு 8 எழுத்து. முன்பக்க சர்வர் முதல் கணக்கை நம்பி 13 பைட்டையும் அனுப்பிவிடுகிறது. பின்பக்க சர்வர் பூஜ்யத்தைக் கண்டதும் கோரிக்கை முடிந்தது என்று நிறுத்திக்கொள்கிறது. மீந்த 8 எழுத்து இணைப்பிலேயே கிடந்து, அடுத்து வருபவரின் கோரிக்கைக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறது. அவர் தன் கணக்கில் நுழைய வந்த எவராகவும் இருக்கலாம். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, எந்தப் போலி இணைப்பையும் தொடவில்லை. பின்பக்க இணைப்பு பலருக்கும் பொதுவாக இருப்பதால் மாட்டிக்கொள்கிறார்.

அடுத்த நெறிமுறையான எச்டிடிபி 2-இல் ஒவ்வொரு சட்டகத்திலும் அதன் நீளம் எழுதப்பட்டே வருவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அந்த நெறிமுறையைப் பயனர் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு, உள்ளே போகும்போது 1.1-ஆக மாற்றி அனுப்புகிறார்கள். அந்த மாற்றமே புதிய ஓட்டைகளைத் திறக்கிறது என்று கெட்டில் 2021-இலேயே காட்டிவிட்டார். குழப்பம் பிறக்கும் இடத்தை விட்டுவிட்டு வாசலை மட்டும் அலங்கரிப்பது பாதுகாப்பு ஆகாது.

இவர்களுக்கு எச்சரிக்கை வராமலும் இல்லை. கோரிக்கைக் கடத்தல் எனப்படும் இந்தத் தாக்குதல் பற்றி வாட்ச்ஃபயர் ஆய்வாளர்கள் எழுதியது 2005-இல். அடுத்த 14 ஆண்டுகள் அதை ஏட்டில் கிடக்கும் விஷயமாகவே விட்டுவைத்தார்கள். 2019-இல் பேபாலின் உள்நுழைவுப் பக்கத்திலேயே கடவுச்சொல்லைப் பறிக்க முடியும் என்று தெரிந்தது. அப்போதும் வடிகட்டிதான் போட்டார்கள். தலைப்பு வரியை இரண்டாக மடித்து எழுதியதும் அந்த வடிகட்டி சில வாரங்களில் தோற்றது. இரண்டு நீளமும் சேர்ந்து வந்தால் பதில் சொன்ன கையோடு இணைப்பை மூடியே ஆக வேண்டும் என்று இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9112 விதித்தது 2022-இல். 2023 மார்ச்சில் அப்பாச்சி சர்வரின் மாட்-ப்ராக்ஸி தொகுதிக்குத் திருத்தம் வந்தது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் கெஸ்ட்ரல் சர்வரில் கண்ட ஓட்டைக்கு ஆபத்தின் அளவில் 10-க்கு 9.9 மதிப்பெண். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு அத்தோடு கோப்பை மூடுகிறார்கள்.

1.1-ஐ விட்டால் பழைய கருவிகள் நின்றுபோகும் என்கிறார்கள். எந்தக் கருவி, எத்தனை பேருடையது என்று ஒருவரும் பட்டியல் தருவதில்லை. அந்தச் சாக்குக்காக, ஏதுமறியாத பயனரின் கடவுச்சொல்லைப் பணயம் வைக்க இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார்? பின்பக்க இணைப்பில் 1.1-ஐ விடுவதற்கு ஒரு கெடு வைத்தாக வேண்டும். எப்படி, எந்த வரிசையில் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசட்டும். அந்தப் பேச்சை அடுத்த ஓட்டை வெளியாகும் வரை ஒத்திப்போட இவர்களை அனுமதிக்கக் கூடாது.