நாமே கழற்றலாமா? கடையில் கொடுக்கலாமா?

கம்ப்யூட்டர் இதழில் பைக் ரிப்பேரைப் பற்றி எழுதுகிறானே, பக்கம் மாறி அச்சாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேபினட்டை நாமே திறந்து பார்க்கலாமா, சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாமா? இதற்கான பதிலை நான் கற்றுக் கொண்டது கம்ப்யூட்டரில் அல்ல, எங்கள் அப்பாவின் பைக்கில்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் சாப்ட்வேர் எழுதிக் கொண்டிருப்பவன். சொந்த ஊர் ஈரோடு. ஒரு நாள் அப்பா போன் செய்தார். பைக் ஸ்டார்ட் ஆகவில்லையாம். தள்ளிக் கொண்டு போன கடையில், "பெட்ரோல் பம்ப் போயிடுச்சுங்க, மாத்தணும். ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். எதையும் கழற்றிப் பார்க்கவில்லை, மீட்டர் வைத்தும் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் சைடு பேனலைத் திறந்தேன். மல்டி மீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆனால் நெகட்டிவ் டெர்மினலின் போல்ட் லூசாக இருந்தது. சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நெகட்டிவ் ஒயரை முதலிலும் பாசிட்டிவ் ஒயரை அடுத்தும் கழற்றினேன். ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தேன். நன்றாகத் துடைத்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டி இறுக்கினேன். சுவிட்சை அழுத்தியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புதிய பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. பம்புக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் சரியாக வராவிட்டால் வண்டி கிளம்பாது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வராதபோது, ராமைக் கழற்றி அதன் முனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடுமே, ஏறக்குறைய அதே கதைதான்.

சரி, எல்லாவற்றையும் நாமே செய்து கொள்ளலாம், கடைக்காரர்களை நம்பாதீர்கள் என்று சொல்லப் போகிறேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. கதையின் இரண்டாம் பாதி இனிமேல்தான் வருகிறது.

அடுத்த மாதம் முன் டிஸ்க் பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தது. பிரேக் பேட் தேய்ந்திருந்தது. ஆறாயிரம் ரூபாய் மிச்சம் செய்த தைரியத்தில் ஒரு வீடியோவைப் பார்த்து நானே புதுப் பேட் மாட்டினேன். 40 நிமிட வேலை. சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

தெரு முனையில் அப்பா பிரேக் பிடித்திருக்கிறார். லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தும் வேகம் போதுமான அளவு குறையாமல், வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல கண்ணு, பயப்படாதே" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். மணல் இருந்த இடத்தில் ஒரு பள்ளிக் குழந்தை நின்றிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, பேட் மாட்டினதுக்கு அப்புறம் லீவரை நாலஞ்சு தடவை அடிச்சீங்களா?"

நான் அடிக்கவில்லை. தடிமனான புதுப் பேட் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காகப் பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறோம். லீவரைப் பலமுறை அழுத்தினால்தான் பிஸ்டன் திரும்ப முன்னால் வந்து பேடைத் தொடும். அதுவரை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. வீடியோவில் இதைச் சொல்லியிருந்தார்கள். கடைசி ஒரு நிமிடத்தை நான்தான் பார்க்கவில்லை.

எங்கே கோடு போடுவது?

சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தப்புச் செய்தால் கண்ட்ரோல் இசட் அழுத்தி முந்தைய நிலைக்குப் போய்விடலாம் என்று கை பழகிவிட்டது. பிரேக்கில் அந்த வசதி கிடையாது. எனவே, நாமே செய்யலாமா என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. ஒன்று, தவறாகச் செய்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இரண்டு, தவறினால் இழப்பு பணமா, உயிரா?

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்ப்பது, செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்வது, ஏர் பில்டரைப் பார்ப்பது ஆகியவற்றை மானுவலைப் படித்துவிட்டுத் தாராளமாக நீங்களே செய்யலாம். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் லைன் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கம்ப்யூட்டருக்கும் இதே கோடுதான். தூசி தட்டுவது, ராம் கூடுதலாகப் போடுவது, டிரைவர் இன்ஸ்டால் செய்வது எல்லாம் உங்கள் வேலை. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். கார்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்க்கையும் திறக்காதீர்கள். உள்ளே போகும் ஒரு தூசி போதும், உங்கள் குழந்தையின் போட்டோக்கள் எல்லாம் போய்விடும். வாரண்டியில் இருக்கும் பொருள் என்றால் வாரண்டி அட்டையைப் படிக்காமல் ஸ்குரு டிரைவரையே தொடாதீர்கள்.

கடைக்காரர் எல்லாம் திருடரா?

இல்லை. பல கடைகளில் அவசரமும் அனுமானமும்தான் பிரச்சினை. ஒரு உதாரணம் சொல்கிறேன். காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் பழுதுக் குறியீட்டை உங்கள் போனிலேயே படிக்கலாம். பி0171 என்று வந்தால், இன்ஜினுக்குள் காற்றின் அளவுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று பொருள். உடனே சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் காரணம் விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயாகவும் இருக்கலாம். விண்டோசில் நீலத்திரை வந்ததும், சோதிக்காமல் பார்மட் செய்துவிடுவது போலத்தான் இதுவும். குறியீடு அறிகுறியைத்தான் சொல்லும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

வெளிக் கடைக்காரர்களின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஒரிஜினல் உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததாகக் கூறி, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ரிப்பேர் செய்து கொள்ளும் உரிமைக்காகவே ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. கருவியும் மானுவலும் கிடைத்தால், நம் தெரு மெக்கானிக்கும் அனுமானத்தை விட்டுவிட்டுச் சோதித்துப் பார்ப்பார்.

அதுவரை நாம் செய்யக் கூடியது என்ன? எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும் முன், அது இயங்கும் நிலையில் இருந்தால், முக்கியமான பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள். இயங்காவிட்டால், என்னைக் கேட்காமல் பார்மட் செய்யாதீர்கள் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நாமே கற்றுக் கொள்வது எல்லாவற்றையும் நாமே கழற்றுவதற்காக அல்ல. சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக. பேட்டரி கதையில் நான் ஜெயித்தேன், பிரேக் கதையில் அந்த மெக்கானிக் ஜெயித்தார். இப்போது அப்பாவின் பைக்குக்குப் பிரேக் வேலை என்றால் அவரிடம்தான் போகிறோம். வேலை முடியும் வரை பக்கத்தில் நின்று பார்க்கிறேன். முடிந்ததும் அவர் லீவரை என்னிடம் காட்டி, "நீங்களே அடிச்சுப் பாருங்க தம்பி" என்பார். அடித்துப் பார்த்த பிறகுதான் சாவி அப்பா கைக்குப் போகிறது.