வேலைக்குள் ஒரு விளையாட்டு

விளையாடும் பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். உண்ண அழைத்தாலும் வராது, களைப்பையும் அறியாது. அதே பிள்ளை கணக்குக் கொப்பியை விரித்ததும் கொட்டாவி விடுகின்றது. விளையாட்டிலுள்ள அவ்வூக்கத்தை வேலைக்கும் கொண்டுவர இயலாதா? கந்தோர்களுக்கான கணினிச் செயலிகளை அமைப்போர் இன்று கேட்கும் கேள்வி இது. புள்ளி, பதக்கம், முதல்வர் பட்டியல் முதலியவற்றைச் செயலியிற் சேர்க்கும் இம்முறையை விளையாட்டுமயமாக்கல் என்பர்.

இதன் நல்ல முகத்தை முதலிற் காண்போம். 1990ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் 3.0 தொகுதியில் சொலிட்டயர் என்ற சீட்டு விளையாட்டும் இருந்தது. ஒரு பொருளைச் சுட்டியாற் பற்றி, இழுத்து, வேண்டிய இடத்தில் விடுவது அந்நாளிற் பலருக்கும் புதுமை. திரையிற் சீட்டை எடுத்து வைத்து ஆடியவர், தம்மை அறியாமலே அவ்வித்தையையும் பழகிக்கொண்டார். பாடம் சொல்லும் ஆசிரியரும் இல்லை, பரீட்சையும் இல்லை. தவறினால் மீண்டும் ஆடலாம்; அலுத்தால் நிறுத்தலாம்.

மறு முகமும் உண்டு. அமெரிக்காவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்து ஹோட்டல்களின் சலவைப் பகுதியிற் பெரிய திரைகள் மாட்டப்பட்டிருந்த செய்தி 2011ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வெளியாயிற்று. தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரும் வேகமும் அத்திரையில் எல்லோரும் காணத் தோன்றின. வேகம் காத்தவர்க்குப் பச்சை நிறம், பிந்தியவர்க்குச் சிவப்பு. பார்வைக்கு இதுவும் ஓட்டப் பந்தயம் போன்றதே. ஆயினும் தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் ‘மின் சவுக்கு’ என்பதாகும். இப்பந்தயத்தில் ஓட மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தோற்றவர் இழக்கக்கூடியது விளையாட்டுப் புள்ளியன்று. வீட்டின் அடுப்பெரியும் ஊதியம்.

பரிசு என்பதும் எப்போதும் நன்மை தருவதன்று. 1973ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்னும் அமெரிக்க உளநூலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சித்திரம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள பாலர் சிலரிடம், “வரைந்தால் நற்சான்றுப் பத்திரம் தருவோம்” என்று முன்கூட்டியே கூறினர், பரிசையும் கொடுத்தனர். சில நாள் சென்றபின், பரிசுப் பேச்சின்றி எழுதுகோல்களை வைத்தபோது, அப்பாலர் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தனர். பரிசை எதிர்பாராது பெற்ற பிள்ளைகளின் விருப்பமோ குன்றவில்லை.

ஆகவே, செயலி அமைக்கக் கற்கும் மாணவர் முதலில் ஒன்றை எண்ணுதல் வேண்டும். தன் வேலை எவ்வளவு முன்னேறியது என்பதை ஒருவருக்குத் தெளிவாகக் காட்டும் குறி, தவறைத் திருத்த உடனே கிடைக்கும் வழி, சிறிது சிறிதாகக் கடினமாகும் படிகள்: இவையே விளையாட்டிலிருந்து வேலை கடன் பெறத்தக்கவை. பலர் முன்னிலையில் ஒருவரைப் பின்தங்கியவராகக் காட்டும் பட்டியல் அத்தகையதன்று. சலிப்பூட்டும் படிவம் ஒன்றிருந்தால், அதற்குப் பதக்கம் சூட்டுமுன் அதனைச் சுருக்க முடியுமா என்று பார்ப்பதே அறிவுடைமை.

பெற்றோருக்கும் இது பொருந்தும். விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு பேசாதீர்கள். படித்ததை உங்களிடம் சொல்ல ஓடி வரும்போது, கைவேலையைச் சற்று நிறுத்திக் கேளுங்கள். அதைவிடப் பெரிய பரிசை அது நாடாது.