மருந்தும் வழக்கும்

கடன் வாங்கியவன் பேரில் வழக்குத் தொடுப்பது சுலபம். கையில் பத்திரம் இருக்கிறது. வேலியைத் தள்ளி நட்ட அண்டை வீட்டார் பேரில் தொடுப்பதும் சாத்தியமே. சங்கிலி பிடித்து அளந்துவிடலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையால் வந்த கேட்டுக்கு வழக்குத் தொடுப்பது எப்படி? மாத்திரையோ வயிற்றில் கரைந்து போயிற்று. எழுதிய டாக்டர், கம்பெனியார் சொன்னதை நம்பினேன் என்கிறார். கம்பெனியார், எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிறார்கள். பலனை அநுபவிக்க எஞ்சி நிற்பவர் நோயாளி ஒருவரே.

இந்தச் சங்கடத்தை உலகத்துக்கு உணர்த்திய மருந்து தாலிடோமைடு. மேற்கு ஜெர்மனியில் கிரூனெந்தால் கம்பெனி 1957-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 'கான்டர்கான்' என்ற பெயருடன் அதை விற்க ஆரம்பித்தது. மறு வருஷம் பிரிட்டனில், விஸ்கியும் ஜின்னும் காய்ச்சுவதில் பெயர் பெற்ற டிஸ்டில்லர்ஸ் கம்பெனி அதையே 'டிஸ்டாவல்' என்று கொண்டு வந்தது. தூக்கம் வராதவர்களுக்குத் தூக்கம். மசக்கையால் வாடுகிறவர்களுக்கு ஆறுதல். கர்ப்பிணிகளும் அச்சமின்றிச் சாப்பிடலாம் என்று விளம்பரம் வேறு. கருவுற்ற பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்காமலே இந்த அபயம் அளிக்கப்பட்டது என்பது பின்னால் வெளிவந்தது.

கருத்தரித்த 20-வது நாளிலிருந்து 36-வது நாள் வரையில் தாய் விழுங்கும் ஒரே ஒரு மாத்திரை, உள்ளே உருவாகும் சிசுவின் கைகால்களை வளரவொட்டாமல் தடுத்துவிடக்கூடும். உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இவ்விதம் பிறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பல குழந்தைகள் முதல் வருஷத்தைக் கூடக் காணவில்லை. ஹாம்பர்க் நகரத்து டாக்டர் விடுகிண்ட் லென்ஸும், ஆஸ்திரேலியாவில் டாக்டர் வில்லியம் மெக்பிரைடும் அபாயத்தை எடுத்துரைத்த பிறகு, 1961-ம் வருஷக் கடைசியில் இவ்விரு தேசங்களிலும் மாத்திரை கடைகளிலிருந்து மறைந்தது.

மாத்திரை மறைந்தது, வழக்கு பிறந்தது. பிரிட்டிஷ் சட்டம் பெற்றோரைப் பார்த்துச் சொன்னது என்னவென்றால், "கம்பெனி அஜாக்கிரதையாய் நடந்துகொண்டதென்று நீங்களே ருசுப்படுத்துங்கள்" என்பதுதான். பிராணிகளின் கருவைச் சோதிப்பது அக்காலத்தில் வழக்கமில்லை என்றது கம்பெனி. அதுமட்டுமா? தாயின் வயிற்றில் இருக்கையில் ஏற்பட்ட கேட்டுக்காகக் குழந்தை வழக்காட உரிமை உண்டா என்பதே அன்று தீராத சந்தேகமாயிருந்தது. நம் கதையில் வரும் மனுநீதிச் சோழன், கன்றை இழந்த பசு மணியை அசைத்தபோது, தேர் கவனக்குறைவாய் ஓட்டப்பட்டதற்குச் சாக்ஷி கொண்டுவா என்று பசுவைக் கேட்கவில்லை. விசாரிக்கும் பாரத்தை அவனே ஏற்றுக்கொண்டான். லண்டனில் அந்தப் பாரம் பசுவின் தலையிலேயே ஏற்றப்பட்டது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில், 1968-ம் வருஷம் 62 குழந்தைகளின் பெற்றோர், வழக்கில் ஜயித்தால் கிடைக்கக்கூடிய தொகையில் நூற்றுக்கு 40 பங்கை ஏற்று ராஜி செய்துகொண்டார்கள்.

மற்றக் குடும்பங்களின் விவகாரம் பின்னும் இழுத்தது. 1972-ம் வருஷம் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை இந்த அநீதியை எழுதப் புகுந்தது. வழக்கு நடக்கும்போது எழுதுவது கோர்ட்டு அவமதிப்பு என்று சொல்லி, அடுத்து வரவிருந்த கட்டுரைக்குத் தடை உத்தரவு போட்டார்கள். 1973-ல் பிரபுக்கள் சபையும் அதை ஆதரித்தது. 1979-ல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நியாயஸ்தலம், 11-க்கு 9 என்ற வாக்குக் கணக்கில், அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஜனங்களின் கோபம் அதுவரை காத்திருக்கவில்லை. முன்பு முப்பத்திரண்டரை லக்ஷம் பவுன் தருவதாய்ப் பேரம் பேசிய கம்பெனி, 1973-ல் 2 கோடி பவுன் தர இசைந்தது. கோர்ட்டு கொடுக்காததைப் பொதுஜன அபிப்பிராயம் வாங்கிக் கொடுத்தது!

ஜெர்மனியில் ஆல்ஸ்டார்ஃப் என்ற ஊரில் 1968-ம் வருஷம் தொடங்கிய கிரிமினல் வழக்கு, 1970 டிசம்பரில் தீர்ப்பில்லாமலே நிறுத்தப்பட்டது. கம்பெனி 10 கோடி மார்க் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. குற்றவாளி என்றும் சொல்லவில்லை. நிரபராதி என்றும் சொல்லவில்லை.

இத்தனை கண்ணீருக்குப் பின் சட்டம் சற்றுக் கண் விழித்தது. 1976-ல் ஜெர்மனி, அஜாக்கிரதையை ருசுப்படுத்தாமலே மருந்துக் கம்பெனியிடம் நஷ்டஈடு கோர வழி செய்தது. அதே வருஷம் பிரிட்டன், கருவில் கேடடைந்து பிறந்த குழந்தைக்கு வழக்காடும் உரிமையை எழுதி வைத்தது. பொருளின் பழுதுக்கு உற்பத்தி செய்தவரே பொறுப்பாளி என்ற விதியும் 1987-ல் அங்கே சட்டமாயிற்று. ஆயினும் அதில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்: அந்தக் காலத்து விஞ்ஞானத்துக்கு எட்டாத பழுது என்று காட்டினால் கம்பெனி தப்பித்துக்கொள்ளலாம்.

இந்தச் சந்து நமக்குச் சம்மதமில்லை. ஒருவருக்கும் தெரியாத அபாயம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் சுமையை யார் தாங்குவது? லாபம் பெற்ற கம்பெனியா, தொட்டிலில் கிடக்கும் குழந்தையா? இப்படிக் கேட்டால் புதிய மருந்துகளே பிறக்காது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவில் 1960-ல் டாக்டர் பிரான்ஸெஸ் கெல்ஸி என்ற பெண்மணி, போதிய அத்தாட்சி இல்லையென்று இதே மருந்துக்கு அநுமதி மறுத்தார். கம்பெனியார் எவ்வளவோ நெருக்கியும் அவர் அசையவில்லை. 1962-ல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருதளித்துக் கௌரவித்தார். அந்தக் கண்டிப்பினால் அமெரிக்காவில் மருந்துத் தொழில் அழிந்துவிடவில்லை. தாலிடோமைடையே 1998-ல் அங்கே, குஷ்டரோகத்தில் உண்டாகும் ஒரு கொடிய உபாதைக்கு, மிகக் கடுமையான கட்டுப்பாடுகளோடு அநுமதித்தார்கள். கட்டுக்குள் வைத்தால் விஷமும் மருந்தாகும் போலும்.

2012-ம் வருஷம் கிரூனெந்தால் கம்பெனி மன்னிப்புக் கோரியது. 2023-ல் ஆஸ்திரேலிய சர்க்காரும் கோரியது. மன்னிப்பு நல்லதுதான். ஆனால் 1960-ம் வருஷத்தையொட்டிப் பிறந்த குழந்தைகள் ஆஸ்திரேலியாவின் மன்னிப்பைக் கேட்டபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களைத் தூக்கி வளர்த்த தாய்மாரில் எத்தனையோ பேர், தாங்கள் விழுங்கிய மாத்திரையை நினைத்துத் தங்களையே நொந்துகொண்டு கண் மூடிவிட்டார்கள். குற்றம் உன்னுடையதல்ல, அம்மா என்று உரிய காலத்தில் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது நியாயஸ்தலத்தின் கடமை.