எல்லா முதுகுவலிக்கும் தைலம் போதாது!



“முதுகு வலிக்குதுங்க ஐயா, கொஞ்சம் தைலம் குடுங்க” என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவர்கள் பலர். பால்வாளி தூக்கியவருக்கும் செம்பனைக் குலை சுமந்தவருக்கும் முதுகுவலி புதிதல்ல. நானும் தைலம் கொடுத்து அனுப்பியதுண்டு. ஆனால், எல்லா வலியும் சுமையால் வந்ததல்ல.

நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய இரத்தக் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். வயிற்றில் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். சைக்கிள் டியூப்பில் தேய்ந்த இடம் புடைக்கிறதல்லவா? அதுபோல இதுவும் பலவீனமான இடத்தில் புடைக்கும். 3 சென்டிமீட்டரை எட்டினால் அது நோய். பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்துவிட்டாலோ, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே பலருக்கு உயிர் போய்விடும். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் 1955-இல் இறந்ததும் இதனால்தான்.

யாருக்கு வரும்? 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதிகம். தகப்பனுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால், இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் இருந்தால், ஆபத்து கூடும். எல்லாவற்றிலும் பெரிய எதிரி புகை. “காலைக் குளிருக்கு ஒரு சுருட்டுதானே” என்பீர்கள். அந்தச் சுருட்டு குளிரைப் போக்கவில்லை ஐயா, குழாயின் சுவரை அரிக்கிறது! வயசை மாற்ற முடியாது. புகையை விட முடியும். விட்டால் ஆபத்து நாளடைவில் குறையும்.

இரத்தக் கொதிப்பு மாத்திரையை “உடம்பு நல்லா இருக்கு” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவாடு, ஊறுகாயில் உப்பைக் குறையுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க வயிற்றில் ஒரு ஸ்கேன் போதும்; ஊசியில்லை, வலியில்லை. சிறிய புடைப்பைக் கவனித்து வருவார்கள்; ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் ஆப்பரேஷன் பற்றிப் பேசுவார்கள். இங்கிலாந்தில் 65 வயது ஆண்களை அரசாங்கமே அழைத்து இந்த ஸ்கேன் எடுக்கிறது. தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்தவருக்கு மட்டும் தைலம்தானா? புகைத்த பெரியவர்களுக்கு ஒரு முறையாவது ஸ்கேன் வேண்டும் என்று கிளைக் கூட்டத்தில் கேளுங்கள். இது பிச்சையல்ல, உரிமை.

தாய்மார்களே, வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ பிளப்பதுபோல் வலி வந்து, வேர்த்து, மயக்கம் வந்தால் வாயு என்று சோடா கொடுக்காதீர்கள். எண்ணெய் போட்டு வயிற்றைத் தேய்க்காதீர்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 999-க்குப் போன் செய்யுங்கள்.

தைலம் இன்றும் தருவேன். ஆனால், முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பேன். சுருட்டைப் பற்றி ரெண்டு கேள்வியும் கேட்பேன். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.