இல்லமும் நாமும்: அம்மாவின் கட்டில்

சென்ற இதழில் பூசையறை பற்றி எழுதியதை வாசித்த அன்பர் ஒருவர், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துடன் நிற்கையில், "பூசையறைக்கு இவ்வளவு சொன்னீங்கள், படுக்கையறைக்கும் ஏதாவது எழுதுங்கோவன்" என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஊரிலிருந்து அவருடைய தாயார் இலண்டனுக்கு வந்து மூன்று மாதமாகிறது. அவருக்கென்று ஓர் அறை ஒழுங்கு செய்து, பெரிய இரட்டைக் கட்டிலும் அதற்குச் சோடியான அலுமாரியும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் விடியற்காலையில் எட்டிப் பார்த்தால், அம்மா நிலத்தில் போர்வை விரித்துப் படுத்திருக்கிறார்! "கட்டில் வடிவாத்தான் இருக்கு தம்பி, ஏறி இறங்கத்தான் பயமாக் கிடக்கு" என்றாராம்.

அன்பரைக் குறை சொல்ல முடியாது. 1983க்குப் பின் இங்கு வந்த எங்களிற் பலர், ஓர் அறையில் நாலைந்து பேராக நிலத்தில் படுத்தெழும்பியவர்கள். சொந்த வீடு என்று ஒன்று வந்ததும் பெரிய கட்டிலில் ஆசை வருவது இயற்கையே. ஆனால் கடையில் நாம் பார்ப்பது கட்டிலின் அழகையும் விலையையும்தான். அதில் யார் படுக்கப் போகிறார், இரவில் எத்தனை தரம் எழும்புவார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் உயரத்தைக் கவனியுங்கள். தடித்த மெத்தை போட்ட கட்டில்களிற் சில, நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றரையும் தாண்டிவிடும். ஐந்தடிக்கும் குறைந்த ஒரு மூதாட்டிக்கு அது ஒரு திண்ணை ஏறுவது போன்றது. அவர் கட்டில் விளிம்பில் அமரும்போது இரண்டு பாதங்களும் முழுமையாக நிலத்தில் பதிய வேண்டும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிக்கால் வரை அளந்து பாருங்கள். மெத்தை சற்று அமுங்கிய பின் அந்த அளவே கட்டிலின் உயரமாக இருந்தால் நல்லது. மிகத் தாழ்வான கட்டிலும் ஆகாது. மூட்டுவலிக்காரர் அதிலிருந்து எழும்பப் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். வீட்டில் அவர் சிரமமின்றி எழும்பும் கதிரை எதுவோ, அதன் உயரத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் அவரையே கூட்டிச் சென்று இருத்திப் பாருங்கள்.

மெத்தை கல்லுப்போல இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்பது நம்மவரிடையே ஊறிய எண்ணம். நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வொன்று, 2003ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தது. மிகக் கடினமான மெத்தையை விட, நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது என்று அதிற் கண்டார்கள். பாயில் படுத்துப் பழகியவரை ஆளைப் புதைக்கும் மெத்தையில் போடுவதும் தவறு. புரண்டு படுக்கவே அவருக்குப் பெலன் வேண்டும்.

இந்நாட்டில் இரட்டைக் கட்டிலின் மெத்தை 135க்கு 190 சென்ரிமீற்றர். ஒற்றைக் கட்டிலுக்கு அகலம் 90. சிறிய அறையில் இந்த 45 சென்ரிமீற்றர்தான் நடக்கும் வழி. அம்மா இறங்கும் பக்கம் கதவுக்கும் கழிவறைக்கும் போகும் பக்கமாக இருக்கட்டும். படுத்தபடியே கைக்கு எட்டும் விளக்கு ஒன்று வேண்டும். கால் வழுக்கும் சிறு விரிப்புகளைக் கட்டிலருகில் போடவே வேண்டாம். வடக்கே தலை வைக்கலாகாது என்பது நம் வழக்கம். கிழக்கு, தெற்கு இரண்டில் எது கதவுக்கு வசதியோ அதைப் பிடியுங்கள்.

அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைப்பது இங்கே பெரும் பிழை. சமையல் ஆவியும், அறைக்குள் காயப்போட்ட உடுப்பின் ஈரமும் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். காற்றோட்டம் இல்லாத அலுமாரியின் பின்புறத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கூறைச் சேலையை விரித்துப் பார்த்துக் கண்கலங்கிய குடும்பங்களை நான் அறிவேன். சேலை போகட்டும், தொய்வு நோய் உள்ளவருக்குப் பூஞ்சணக் காற்று ஆபத்தானது. உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். இடமில்லையென்றால் இரண்டு அங்குலமாவது விலக்கி வைத்து, தினமும் சிறிது நேரம் யன்னலைத் திறவுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் வாங்குவோர், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல்தட்டில் படுக்க விட வேண்டாம். உயரமான லாச்சிப் பெட்டிகளைச் சுவரோடு திருகாணியிட்டு இறுக்கிவிடுங்கள். பிள்ளைகள் லாச்சிகளை இழுத்துப் படியாக்கி ஏறுவார்கள்.

நம் அன்பர் கடைசியில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மகனுடைய தாழ்ந்த ஒற்றைக் கட்டிலை அம்மாவின் அறைக்கு மாற்றிவிட்டார். பெரிய கட்டிலில் இப்போது பேரன் குறுக்கே படுத்து உறங்குகிறானாம்.