காலைப் புகையைக் கவனியுங்கள்

மார்கழிக் குளிரில் போபோடியின் முளா ஆற்றங்கரைத் தெருக்களில் உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் புகைகிறதா? ஊருக்கு அனுப்ப வைத்த பணத்தை எஞ்சின் வேலைக்குக் கொடுக்குமுன், புகையின் நிறத்தையும் நேரத்தையும் கவனியுங்கள்.

மெல்லிய வெண்புகை சில நிமிடங்களில் மறைந்தால், சைலன்சரில் படிந்த ஈரமே ஆவியாகிறது, கலங்க வேண்டாம். கரும்புகையானால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. சோக்கையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

நீலப்புகையானால் ஆயில் எரிகிறது. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அது சிறிதளவு இயல்பே. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் முதலாவது ஆயில் அளவு மிஞ்சியுள்ளதா என்று பாருங்கள். காலையில் கிளப்பியவுடன் மட்டும் புகைத்துப் பின்பு தெளிந்தால், தேய்ந்த வால்வ் சீல் வழியாக இரவில் ஆயில் சொட்டியிருக்கலாம். சூடான பின்பும், ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் புகைத்தால், பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கக்கூடும். முன்னதற்குச் செலவு குறைவு. பின்னது போர் வேலைவரை செல்லும்.

ஓடிச் சூடான வண்டியில் காலைப் புகை தெரியாது. ஆகையால் வண்டியை இரவே கடையில் விட்டு, காலையில் உங்கள் கண்முன் மெக்கானிக் கிளப்பட்டும். இருவரும் காணாத புகைக்காக எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதிருங்கள்.