அந்த 'என்ட்'டை விழுங்குங்கள்!

பிரெஞ்சு எடுத்திருக்கும் பி.காம் மக்களே, கொஞ்சம் காது கொடுங்கள். நிஜமாகவே காதைத்தான் கேட்கிறேன். நம்மில் பாதிப் பேர் பிரெஞ்சைக் கண்ணாலும் பேனாவாலும் மட்டுமே படிக்கிறோம். காதுக்கு அங்கே வேலையே இல்லை.

நம்ம துறைச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'வாங்குதல்', பிரெஞ்சில் 'அஷ்தே'. நிகழ்காலத்தில் 'அவர்கள் வாங்குகிறார்கள்' என்று எழுதினால் வினையின் கடைசியில் ஈ, என், டி என்று மூன்று எழுத்து வரும். உடனே 'அ-ஷெ-தென்ட்' என்று ஒரு போடு போடுகிறோம். எழுத்தைப் பார்த்து அசை பிரித்தால் மூன்றுதான். பேச்சில் இரண்டே அசை: அ-ஷெத். அந்த 'என்ட்' வாயை விட்டு வெளியே வரவே கூடாது. மரபுக் கவிதையில் அடியின் நடுவே வந்தால் அதையும் ஓர் அசையாக எண்ணுவார்கள். நாம் கவிதை எழுதப் போவதில்லையே :-)

"எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, இதெல்லாம் ஒரு மொழியா?" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஒருவர் வாங்குகிறாரா, பலர் வாங்குகிறார்களா என்பதைப் பிரெஞ்சுக்காரர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ஒருமைக்கு 'இ-ல-ஷெத்'. பன்மைக்கு 'இல்-ஸ-ஷெத்'. (அந்த 'ஸ'வைத் தேனீ ரீங்காரம் போல அதிர்த்துச் சொல்ல வேண்டும்.) இரண்டும் மூன்று மூன்று அசைதான். வித்தியாசம் கடைசியில் இல்லை, முன்னால் இருக்கிறது. கடலும் அலையும் சேர்ந்து 'கடலலை' ஆகும்போது 'ல்' போய் அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்கிறதே, ஒருமையில் நடப்பது அதேதான். பன்மையில் 'அவர்கள்' என்ற சொல்லின் கடைசி 'எஸ்', தனியாக நின்றால் ஊமை, உயிரெழுத்தைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது. ஒரு வாடிக்கையாளரா, பல வாடிக்கையாளர்களா? நாளை பிரெஞ்சு நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசுகிறவருக்கு அந்த ஓர் ஒலிதான் பதில் சொல்லும். 'என்ட்'டுக்காகக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"வாய்க்கு மார்க் இல்லையே மச்சி" என்பார்கள். சரி, மார்க்குக்கே வருகிறேன். இந்த வினையின் ஆறு வடிவங்களில் எதற்கு 'ஈ'யின் தலையில் கோடு, எதற்கு இல்லை என்று உருப்போட்டே களைத்துப் போகிறோம். உருப்போடவே வேண்டாம். 'நாம் வாங்குகிறோம்' என்பது 'அஷ்-தோன்' (கடைசியை மூக்கால்), 'நீங்கள் வாங்குகிறீர்கள்' என்பது 'அஷ்-தே'. இரண்டிலும் விகுதி ஒலிக்கிறது, நடு 'ஈ' விழுங்கப்படுகிறது, அதனால் கோடு இல்லை. நான், நீ, அவர், அவர்கள் நான்குக்கும் ஒரே ஒலி, 'அஷெத்'. விகுதி ஊமை. பாரம் முழுவதும் நடு 'ஈ'யின் மேல் விழுகிறது, அதனால் கோடு. சரியாக உச்சரிப்பவர் சரியாக எழுதுவார். உச்சரிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு இரட்டை வேலை.

ஆறு வடிவம், மூன்றே ஒலி. அட்டவணையை ஆறு முறை எழுதச் சொல்வதற்குப் பதில், மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் தொண்ணூறு மார்க் வாங்கி என்ன பயன்? மூன்று வருடம் ஒரு மொழியைப் படித்துவிட்டு அதில் ஒரு வாக்கியம் பேச வராமல் போவது பட்டம் அல்ல, நஷ்டக் கணக்கு.